பாகூர்ப் பக்கம் தண்ணீர் தேடிய கோடை

புதுச்சேரிப் பொதுப்பணி அலுவலகத்தில் நான் வரைபடம் வரைகிற வேலையில் இருந்தேன். அது இரண்டாவது உலகச் சண்டை மூள்வதற்குச் சில ஆண்டுகள் முந்தைய கோடை. பிரான்சிலிருந்து ஒரு எஞ்சினீயர் வரப்போகிறார், அவரோடு பாகூர்ப் பக்கம் போக வேண்டும், அவர் சொல்கிறதை ஊராருக்குத் தமிழில் சொல்ல வேண்டும், அளவுகளை வரைந்து கொடுக்க வேண்டும் என்று மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அலுவலகத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வெயிலில் வயல்வெளியில் அலையச் சம்மதிப்பவன் நான் ஒருவன்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

காரணம் இதுதான். பாகூரைச் சுற்றி முன்பே போட்ட குழாய்க் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் தானாகவே பொங்கி வெளியே வழிந்துகொண்டிருந்தது. ஏற்றம் வேண்டாம், மாடு வேண்டாம். அந்தக் கிணறுகளில் சில இப்போது பொங்குவதை நிறுத்திவிட்டன. கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே கடலோரமாக இருந்தவை கரிக்க ஆரம்பித்திருந்தன. புதிதாகப் போட்ட துளைகளில் பாதிக்கு மேல் வெறும் களிமண். மண்ணுக்குக் கீழே நல்ல தண்ணீர் எங்கே கிடக்கிறது, எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று தோண்டாமலே பார்த்துச் சொல்கிற ஒரு முறை பிரான்சில் வந்திருக்கிறது, அதைத்தான் இவர் செய்து காட்டப் போகிறார் என்றார்கள்.

அந்த எஞ்சினீயர் துரைக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முந்தைய சண்டையில் பதுங்குகுழிகளுக்கு இடையே டெலிபோன் கம்பி இழுத்தவர். குண்டு வெடித்ததில் இடது காது கேட்காமல் போய்விட்டது. அதனால் நான் எப்போதும் அவருக்கு வலப்பக்கமே நிற்பேன், வலப்பக்கமே நடப்பேன். அதிகம் பேச மாட்டார். சாப்பாட்டைப் பற்றி மட்டும் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

முறை எளிமையானது. வயலில் நேர்கோடாக நான்கு இரும்பு முளைகளை அடிக்க வேண்டும். வெளியே இருக்கிற இரண்டு முளைகளையும் கம்பியால் பாட்டரிப் பெட்டியோடு சேர்த்து மண்ணுக்குள் மின்சாரம் விட வேண்டும். உள்ளே இருக்கிற இரண்டு முளைகளுக்கு நடுவே அந்த மின்சாரத்தால் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று ஒரு கருவியின் முள் காட்டும். வெளி முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க மின்சாரம் மேலும் ஆழத்துக்குப் போய்த் திரும்பும். களிமண்ணும் உப்புத் தண்ணீரும் மின்சாரத்தை எளிதாக விட்டுவிடும். நல்ல தண்ணீர் ஊறிய மணல் தடுக்கும். எங்கே எவ்வளவு தடுக்கிறது என்று வரைந்து பார்த்தால் கீழே என்ன இருக்கிறது என்று ஊகிக்கலாம். ஊகிக்கலாம் என்றுதான் துரையும் சொன்னார். ஊராரிடம் அதைச் சொல்லும்போது நானும் அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். அவர்கள் காதில் அது விழவில்லை.

பாகூருக்குத் தெற்கே ஒரு ஊரில் தங்கினோம். முதலில் முளைகள் அடிக்கிற கோட்டைக் கிழக்கு மேற்காக இழுத்தோம். அங்கேதான் வம்பு வந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த எங்கள் கொம்யூன் நிலமும் இங்கிலீஷ்காரன் நிலமும் அந்தப் பக்கத்தில் ஒட்டுப் போட்ட துணி மாதிரி கலந்து கிடக்கும். ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் பிரான்சு, அந்தப் பக்கம் கடலூர் தாலுகா. மேற்குக் கடைசி முளை வரப்பைத் தாண்டிவிட்டது. துரை கருவியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், முள் அசையவே இல்லை. நான் கம்பியோடு நடந்து போய்ப் பார்த்தால் முளையையும் காணோம், கம்பிச் சுருளையும் காணோம், அவற்றைப் பிடித்திருந்த ஆளையும் காணோம். மூன்றும் இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடியில் இருந்தன.

சாவடி குமாஸ்தா தலைப்பாகை கட்டிய வயதானவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்ளோ செப்புக் கம்பி. எங்க கொண்டு போறீங்க?"

"எங்கயும் கொண்டு போவலீங்க. சாயந்திரம் சுத்தி எடுத்துக்கினு திரும்பிடுவோம்."

"திருப்பி எடுத்துக்கினு போறதுக்கு எதுக்குக் கொண்டாந்தீங்க?"

மின்சாரம், மணல், களிமண் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் தண்ணீர் பார்க்கிறோம் என்று சொன்னேன். அது உடனே புரிந்துவிட்டது. "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று ஆளை விட்டார். சுருளையும் முளையையும் தன் மேலதிகாரி வந்து பார்த்துவிட்டுக் கொடுப்பார் என்று வைத்துக்கொண்டார். அவை திரும்பி வர ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகு துரை கோட்டைத் தெற்கு வடக்காகத் திருப்பிவிட்டார். தெற்கு வடக்காகப் போனால் முழுக்க எங்கள் எல்லைக்குள்ளேயே இருக்கலாம். அப்படித் திருப்பியதால் கோடு ஊரின் பெரிய நிலக்காரருடைய நெல் வயலிலும் கரும்புக் கொல்லையிலும் தொடங்கி, சேரியை ஒட்டிய மேய்ச்சல் புறம்போக்கில் போய் முடிந்தது.

அந்த நிலக்காரரை ஊரில் பண்ணையார் என்பார்கள். மேரியில், அதாவது எங்கள் கொம்யூன் அலுவலகத்தில், அவர் சொன்னால் நடக்கும். துரை தங்குவதற்குத் தன் தோப்பு வீட்டைக் கொடுத்தார். எனக்கும் அங்கேயே ஒரு அறை. ஆனால் துரைக்குப் பீங்கான் கோப்பையில் காப்பி வந்தது, எனக்குக் கொட்டாங்கச்சியில் வந்தது. எங்கள் குடும்பம் வில்லியனூரில் கூலி வேலை செய்த குடும்பம். என் தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தோம். சாமியார் பள்ளிக்கூடத்தில் படித்து நான் வேலைக்கு வந்தேன். சட்டையும் சப்பாத்தும் போட்டிருந்தாலும் இப்படிப்பட்ட விஷயங்களை ஊரில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். நான் காப்பி குடிக்கிற பழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டேன். கொட்டாங்கச்சி விஷயம் துரைக்குக் கடைசிவரை தெரியாது.

அந்தக் கோடையில் மண் இறுகிப் போயிருந்தது. காய்ந்த மண்ணில் முளை அடித்தால் மின்சாரம் இறங்காது. முளையைச் சுற்றி உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்குச் சேரியிலிருந்து நான்கைந்து பெண்கள் குடம் சுமக்க வந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் வயதுக்காரி. கணவன் கடலூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை. வாய்த்துடுக்கு அதிகம். முதல் நாள் குடத்தை இறக்கி வைத்ததும் என்னிடம் கேட்டாள்.

"ஏங்க, நாங்க குடிக்கிற தண்ணிக்கு அந்தக் கோடி வாய்க்கா வரைக்கும் நடக்கறோம். ஊத்துல தோண்டித் தோண்டி மொண்டாறோம். நீங்க இன்னாடான்னா உப்பக் கரைச்சு மண்ணுல ஊத்தறீங்க."

"நல்ல தண்ணி எங்க கீதுன்னு பாக்கத்தான்."

"கெடச்சா யாருக்கு?"

மேரி முடிவு பண்ணும் என்றேன். அவள் சிரித்தாள். பிறகு, "நீங்க இன்னா ஆளுங்க? எந்த ஊரு?" என்றாள். நான் மறைக்கவில்லை. மறைத்துப் பழக்கமும் இல்லை. வில்லியனூர், மாதா கோயில் பக்கம் என்றேன், குடும்பத்தையும் சொன்னேன். அன்று மாலைக்குள் அது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சேரியில் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது. பண்ணையார் வீட்டு ஆட்கள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

அளக்கிற வேலை ஒரு ஒழுங்குக்கு வந்தது. துரை நடுவில் குடைக்குக் கீழே கருவியோடு உட்கார்ந்திருப்பார். தூரத்தில் இருப்பவர்களுக்குக் கத்தினாலும் கேட்காது என்பதால் சிவப்புத் துணியை ஆட்டி முளை ஆட்களுக்குச் சைகை காட்டுவேன். துணி கீழே இறங்கினால் மின்சாரம் ஓடுகிறது, முளையில் கை வைக்கக் கூடாது. ஒருவன் வைத்துவிட்டுச் சுருண்டு உட்கார்ந்தான். அதன் பிறகு யாரும் வைக்கவில்லை. முள் நிற்கிற இடத்தை துரை சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். தோப்பு வீட்டுக்குத் திரும்பி வளைகோடாக வரைவேன். மேலே களிமண் இருக்கிற இடத்தில் கோடு தாழ்ந்து, ஆழம் போகப் போக ஒரு இடத்தில் மேலே ஏறும். அந்த ஏற்றம்தான் மணல், தண்ணீர். ஏற்றம் மிக நன்றாக இருந்தது பண்ணையாருடைய கரும்புக் கொல்லையில். துரைக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. பண்ணையாருக்கு அதைவிட மகிழ்ச்சி.

அங்கேயே துளை போட்டார்கள். பனைமரக் கட்டைகளை முக்காலி போல நிறுத்தி, இரும்புத் தண்டைச் சுற்றிச் சுற்றி ஆட்கள் நடந்தார்கள். மேல் மண், களிமண், மஞ்சள் களிமண், கொஞ்சம் மணல், மறுபடி களிமண். துரை சொன்ன ஆழம் நெருங்கியபோது ஊரே கூடிவிட்டது. பண்ணையார் பூ, தேங்காய், கற்பூரம் எல்லாம் எடுத்துவரச் சொல்லிவிட்டார். தண்டை வெளியே இழுத்தார்கள். நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது கறுப்பாக, மரத்தூள் ஈரமானது போல இருந்தது. துரை அதைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார், முகர்ந்தார். முகம் சுருங்கியது. கரி. மண்ணுக்குள் புதைந்த பழுப்பு நிலக்கரி. அந்தப் பக்கத்தில் அது உண்டென்று முன்பே தெரியும், ஆனால் இவ்வளவு தூரம் வரும் என்று அவர் எண்ணவில்லை. கரியும் மின்சாரத்தைத் தடுக்கிறது. முள்ளுக்கு மணலும் ஒன்றுதான், கரியும் ஒன்றுதான்.

தேங்காயை யாரும் உடைக்கவில்லை. பண்ணையார் வீட்டுக்குப் போய்விட்டார். கரும்பில் ஒரு பகுதியை வெட்டி இடம் கொடுத்திருந்தார் மனிதர். எனக்கு அவர்மேல் பிரியம் ஒன்றும் இல்லைதான், அன்றைக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

துரை இரண்டு நாள் தோப்பு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "தெரிந்த இடத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்" என்றார். கரி வந்த துளைக்குப் பக்கத்திலேயே மறுபடி அளந்தோம். பிறகு வேறொரு ஊரில் இன்னும் நன்றாகப் பொங்கிக்கொண்டிருக்கிற பழைய கிணற்றுக்குப் பக்கத்தில் போய் அளந்தோம். இரண்டு வளைகோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். கரி இருந்த இடத்தில் கோடு சட்டென்று ஏறி உடனே சரிந்தது. நல்ல கிணற்றுப் பக்கம் மெதுவாக ஏறி, ஏறிய இடத்திலேயே நெடுந்தூரம் நின்றது. அப்புறம் ஊர் முழுக்க எடுத்த கோடுகளை எல்லாம் தரையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நின்று நீளுகிற கோடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சேரியை ஒட்டிய மேய்ச்சல் புறம்போக்கில் எடுத்தது.

மேரியில் கொம்யூன் தலைவரான மேரும் பண்ணையாரும் இன்னும் சில பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். துரை பிரெஞ்சில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். இடத்தைச் சொன்னதும் பண்ணையார் துரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"தொர சொன்னது இதுவா, நீ சொல்றது இதுவா?"

"துரை சொன்னதுதாங்க."

"மொதல்ல எங் கொல்லையில கீதுன்னாரு. கரி வந்துது. இப்ப சேரியில கீதுன்றாரு. நடுவுல நீதான் எழுதற, நீதான் படம் போடற, நீதான் பேசற. உங்க ஆளுங்களுக்குக் கெணறு வேணும்னா நேரா கேட்டுருக்கலாம்பா."

துரை, அவர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். நான் ஒரு வார்த்தையும் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். என்னைப் பற்றி நானே சொல்ல வேண்டியிருந்தது. 'இந்த ஆள் தன் சாதிக்காரர்களுக்காக உங்கள் அளவுகளை மாற்றிவிட்டான் என்று சொல்கிறார்.'

துரை என்னிடம் கேட்டார், "உனக்கு அங்கே உறவினர் யாராவது உண்டா?"

"இல்லை."

"சரி."

பண்ணையார் சொன்னதைவிட துரை அப்படிக் கேட்டதுதான் எனக்கு உறுத்தியது. அத்தனை நாள் அவர் வலப்பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவருக்கு அது சாதாரணக் கேள்வியாகக்கூட இருந்திருக்கலாம். இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

பிறகு அவர் பண்ணையாரைப் பார்த்து, "உங்களுக்கு நம்பிக்கையான, பிரெஞ்சு தெரிந்த ஆள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள். அவரே முள்ளைப் பார்க்கட்டும், அவரே எழுதட்டும். இவன் பக்கத்தில் வர மாட்டான்" என்றார். இதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

பண்ணையாருடைய மருமகன் புதுச்சேரி நீதிமன்றத்தில் எழுத்து வேலையில் இருந்தார். வண்டி அனுப்பி வரவழைத்தார்கள். வெள்ளைக் கோட்டு, மூக்குக்கண்ணாடி, ஒல்லியான மனிதர். வரும்போதே இந்தக் காரியம் பிடிக்காத முகத்தோடு வந்தார். நான் புறம்போக்கின் ஓரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். சிவப்புத் துணியைக்கூட மருமகனோடு வந்த வண்டிக்காரன்தான் ஆட்டினான். அவனுக்குப் பழக்கமில்லாததால் இரண்டு முறை எல்லாரும் குழம்பினார்கள். குடம் சுமந்தவள் உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு வரும் வழியில் என் பக்கம் நின்றாள்.

"உங்கள ஏன் ஒக்கார வெச்சுட்டாங்க?"

"நான் மாத்திச் சொல்லிட்டேனாம்."

"மாத்திச் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லியிருந்தாலும் தப்பில்ல" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கோபம் வந்தது. மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் செய்த வேலை சுத்தமான வேலை என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மருமகன் முதலில் குடைக்கு வெளியே நின்றுதான் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே போய் உட்கார்ந்தார். அப்புறம் வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். முளைகளைத் தள்ளி அடிக்க அடிக்க அவர் முன்னால் குனிந்துகொண்டே போனார். நடுவில் துரையிடம் ஏதோ கேட்டார், துரை விளக்கினார், மறுபடி கேட்டார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஆள் வந்தபோது, முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெயில் சாயும்போது தன் கையாலேயே வளைகோட்டை வரைந்து, நான் வரைந்திருந்த வளைகோட்டைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

பண்ணையார் வரப்பில் காத்திருந்தார். "இன்னா மாப்ள?"

"ஒண்ணும் மாத்தல மாமா. முள்ளு நிக்கிற எடத்த எங் கண்ணால பாத்தேன். தண்ணி இங்கதான் கீதுன்னு அவரு சொல்றாரு. வராமலும் போவலாம்னும் சொல்றாரு. ஆனா அந்தப் பையன் எழுதினதுல தப்பில்ல."

பண்ணையார் என்னிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மருமகன் மட்டும் புறப்படுவதற்கு முன் வேப்ப மரத்தடிக்கு வந்து, பிரெஞ்சில், "உங்கள் கோடு என்னுடையதைவிட நேர்த்தியாக இருக்கிறது" என்றார்.

துளை போட இரண்டு மாதம் போல ஆனது. நடுவில் ஒரு மழை பெய்து வேலை நின்றது. முதலில் களிமண், பிறகு மெல்லியதாக ஒரு அடுக்குக் கரி. கரியைப் பார்த்ததும் துளைபோடுகிறவர்கள் தண்டை வைத்துவிட்டு துரையைப் பார்த்தார்கள். துரை இன்னும் போங்கள் என்று கையைக் காட்டினார். அதற்குக் கீழே பருமணல். அன்று பிற்பகல், குழாய்க்குள்ளே ஒரு சத்தம் கேட்டது. கலங்கலாகத் தண்ணீர் மேலே வந்து குழாயின் வாயில் நின்றது. இவ்வளவுதானா என்று நினைத்தோம். பிறகு வழிய ஆரம்பித்தது. மாலைக்குள் தெளிந்து, கை அகலத்துக்குக் கொட்டியது. துரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். எனக்கும் குடிக்க ஏந்திக் கொடுத்தார். கொஞ்சம் இரும்பு ருசி, உப்பு இல்லை. சேரிப் பெண்கள் யார் உத்தரவையும் கேட்கவில்லை, குடங்களை வரிசையாகக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். துடுக்குக்காரி முதல் குடத்தை நிரப்பி அந்த இடத்திலேயே தலையில் ஊற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரமே, சேரியார் தொடாதபடி கிணற்றைச் சுற்றிச் சுவர் வைக்க வேண்டும், காவல் போட வேண்டும் என்று மேரியில் பேச்சு எழுந்தது. குழாயிலிருந்து வாய்க்கால் வெட்டினால் பண்ணையார் வயலுக்கும் ஊர் வயல்களுக்கும் சரிவாகப் போகும். ஆனால் குழாயின் வாய் சேரிப் பக்கம் இருக்கிறது, அவர்கள் குடம் தோய்த்த தண்ணீர்தான் வயலுக்கு வரும் என்று சிலர் முகம் சுளித்தார்கள். இதைப் பண்ணையாரே முடித்து வைத்தார். "ஓடியாற தண்ணிதான, பரவால்ல. சொவரெல்லாம் வாணாம், வாய்க்காலத் தோண்டுங்க" என்றார். கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. ஊர்ப் பெண்களுக்குக் குடிக்கத் தனியாக மண்குழாய் பதித்துத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்ட நாட்களில் அவர்களும் சேரிக் குழாய்க்கே வந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

துரை மற்ற ஊர்களையும் அளந்து முடித்துவிட்டு பிரான்சுக்குத் திரும்பினார். கப்பலேறும் நாளில் கையைக் குலுக்கினார். உறவினர் உண்டா என்று மேரியில் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி நான் கேட்கவில்லை. கருவி எங்கள் அலுவலகக் கிடங்கிலேயே தங்கியது. சண்டை தொடங்கியதும் பாட்டரி வருவது நின்றுவிட்டது. அதற்கு முன் நானே தனியாக வில்லியனூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் இரண்டு ஊர்களை அளந்தேன். ஒன்றில் தண்ணீர் வந்தது, ஒன்றில் வரவில்லை. மருமகன் அவ்வப்போது அலுவலகத்துக்கு வந்து வளைகோடுகளைப் பார்க்கக் கேட்பார். கோடுகளைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் கடற்கரை வரை நடந்துபோய்ச் சுண்டல் வாங்கித் தின்போம். வேறு எதையும் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அப்படியே ஒரு சிநேகம் உண்டாகிவிட்டது.

சண்டை முடிகிற சமயத்தில் வேறு வேலையாகப் பாகூர் போனவன் அந்தக் கிணற்றைப் போய்ப் பார்த்தேன். சுற்றியிருந்த ஊர்களில் இன்னும் பல குழாய்கள் இறங்கியிருந்தன. இதில் தண்ணீர் மெலிந்து இரண்டு விரல் பருமனுக்குத்தான் வந்தது. பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். துடுக்குக்காரி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

"தண்ணி கொறைஞ்சு போச்சுங்க. இன்னொண்ணு போட மாட்டீங்களா?"

"ஆபீசுல சொல்றேன்கா."

"தொர இல்லாம நீங்களே பாப்பீங்களா?"

"பாப்பேன். பாட்டரி வரணும்."

புதுச்சேரிக்குத் திரும்பியதும் மேலதிகாரியிடம் சொன்னேன். பாட்டரி வந்து சேர ஓராண்டு ஆனது. வந்ததும் முதலில் அந்தப் புறம்போக்கில்தான் முளை அடித்தேன். உப்புத் தண்ணீர் ஊற்ற அவள் தன் மகளை அனுப்பினாள்.